நிலம் விற்கும் முன் யாரைக் கேட்கணும்? பிரான்ஸின் ஒரு திராட்சைக் கிராமம் சொல்லும் சட்டப் பாடம்

நம்ம ஊரில் ஒரு ஏக்கர் நிலம் வாங்கப் போனால் என்னென்ன பார்ப்போம்? மூலப்பத்திரம் இருக்கா, பட்டா யார் பேரில் இருக்கு, வில்லங்கம் எத்தனை வருசத்துக்குப் போட்டுப் பார்த்தாச்சு, வண்டிப்பாதை உண்டா, கிணத்துல பங்கு எவ்வளவு, வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வருவாங்களா. இதெல்லாம் சரியாக இருந்தால் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடலாம். விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டால் வேலை முடிந்தது. அந்த நிலத்தை இருபது வருசமாக உழுதவரையோ, நிலமில்லாமல் தவிக்கிற இளம் உழவரையோ யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. நிலம் கைமாறி, கம்பிவேலி போட்ட பிறகுதான் ஊருக்கே விசயம் தெரியும்.

பிரான்ஸ் நாட்டில் விவசாய நிலம் வாங்கப் போகிறவர் இதைவிட நீளமான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் போகணும். அந்தப் பட்டியலை ஊன்றிப் படித்தால் ஒன்று புரியும். 'இந்த மண்ணின் மேல் வேறு யாருக்கெல்லாம் உரிமை இருக்கு?' என்ற ஒரே கேள்விதான் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் உழவர்களாகிய நாம் அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளணும்.

எந்த ஊர்?

பிரான்ஸின் தென்மேற்கில் போர்டோ நகரம் இருக்கிறது. நாம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தயாரிக்கும் 'போர்டோ கலவை'க்குப் பெயர் கொடுத்த அதே ஊர்தான். 1880-களில் அந்தப் பக்கத்துத் திராட்சைக் கொடிகளை அடிச்சாம்பல் நோய் தாக்கியபோது பிறந்ததுதான் அந்தக் கலவை. அங்கிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் சாந்த்-எமிலியோன் என்ற கிராமம் வரும். ஊரில் இருப்பவர்கள் 2000-க்கும் குறைவு. ரோமானியர் காலத்திலேயே அங்கே திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள். ஒரே பாறையைக் குடைந்து செய்த பெரிய தேவாலயம் ஊர் நடுவில் இருக்கிறது.

1999-இல் இந்த ஊரையும் சுற்றியுள்ள ஏழு ஊர்களையும் சேர்த்து, சுமார் 7,800 ஹெக்டேர் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம்ம கணக்கில் ஏறக்குறைய 19,000 ஏக்கர். கோயில், கோட்டை என்று ஒரு கட்டடத்தை மட்டும் எடுக்காமல், இன்றைக்கும் உழவு நடக்கிற திராட்சை நிலத்தையே பாரம்பரியம் என்று ஏற்றுக்கொண்டதில் இதுதான் முதல் திராட்சைப் பகுதி.

பெயர் பெருத்ததும் நில விலையும் ஏறியது. காப்பீட்டு நிறுவனங்களும் வெளியூர்ப் பெருமுதலாளிகளும் தோட்டங்களை வாங்கினார்கள். உழவர் குடும்பத்தில் பெரியவர் காலமானால், வாரிசுகள் பங்கு பிரிக்கவும் வரி கட்டவும் முடியாமல் தோட்டத்தை விற்க வேண்டிய நிலை வருகிறது. அப்படி விற்பனைக்கு வரும் ஒரு வீட்டையும் நாலு ஏக்கர் கொடித்தோட்டத்தையும் ஒருவர் வாங்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதையெல்லாம் பார்க்கணும்?

1. பத்திரம் எழுதுபவர் யார்?

அங்கே நிலமோ வீடோ விற்கணும் என்றால் 'நொத்தேர்' என்ற சட்ட அலுவலரிடம் போகாமல் முடியாது. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்காது. நீதித்துறை அமைச்சகம் நியமிக்கும் இவர்தான் பத்திரம் எழுதுகிறார், உரிமையைச் சரிபார்க்கிறார், அரசுக்கான வரியை வசூலித்துக் கட்டுகிறார், பதிவேட்டில் ஏற்றுகிறார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நொத்தேர் போதும். வாங்குபவர் தனக்கென்று ஒருவரை வைத்துக்கொண்டாலும் செலவு கூடாது, ஒரே கட்டணத்தை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். பழைய வீடு என்றால் வரியும் கட்டணமும் சேர்த்து விலையில் 7 முதல் 8 விழுக்காடு வரை ஆகும்.

2. மூலப்பத்திரம், அளவை, வில்லங்கம்

நிலம் கடந்த 30 ஆண்டுகளில் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று நொத்தேர் தேடிப் பார்ப்பார். பிரெஞ்சுச் சட்டப்படி 30 ஆண்டு தொடர்ந்து அனுபவித்தவருக்கு உரிமை வந்துவிடும் என்பதால் இந்தக் கணக்கு. அடமானம், கடன் இருக்கிறதா என்று காட்டும் சான்றும் எடுக்கணும். அது நம்ம வில்லங்கச் சான்று மாதிரி.

அங்கே நில அளவை வரைபடம் வரி போடுவதற்காக மட்டும் வைத்திருப்பது. அதை வைத்து எல்லையை நிரூபிக்க முடியாது. எல்லையில் சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற அளவையாளரைக் கூப்பிட்டு, பக்கத்து நிலத்துக்காரரும் கூட நின்று கல் நட்டுக் கையெழுத்துப் போடணும்.

கூட்டுச் சொத்தாக இருந்தால் எல்லா வாரிசுகளும் சம்மதிக்கணும். இன்னொரு சிக்கலும் உண்டு. கணவர் இறந்தபின் மனைவிக்கு அனுபவ உரிமையும், பிள்ளைகளுக்கு வெறும் உடைமை உரிமையும் என்று சொத்து இரண்டாகப் பிரிந்து கிடக்கும். பிள்ளைகளிடம் மட்டும் வாங்கினால் அந்தம்மா இருக்கும்வரை வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது.

3. உழுகிறவர் யார்?

இங்கேதான் நாம் நின்று கவனிக்கணும். நிலத்தில் குத்தகைதாரர் இருந்தால், விற்பனையால் அவருடைய குத்தகை முறியாது. வாங்கியவர் குத்தகையோடு சேர்த்துத்தான் நிலத்தை வாங்குகிறார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945-46-இல் வந்த குத்தகைச் சட்டத்தின் பலன் இது. குத்தகைக் காலம் குறைந்தது 9 ஆண்டு. எழுத்தில் எதுவுமே இல்லாமல் வாய்வார்த்தையாகக் கொடுத்த குத்தகைக்கும் அதே 9 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. 'பேப்பர்ல ஒண்ணுமில்ல, எழுந்து போ' என்று சொல்ல முடியாது.

அதோடு முடியவில்லை. குறைந்தது மூன்று ஆண்டு உழவுத் தொழிலில் இருந்து, அந்த நிலத்தையும் தானே உழுகிற குத்தகைதாரருக்கு அதை முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. விலையையும் நிபந்தனையையும் நொத்தேர் அவருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். யோசித்துப் பதில் சொல்ல அவருக்கு இரண்டு மாதம். விலை அநியாயமாக இருக்கிறது என்று நினைத்தால் குத்தகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த நீதிமன்றத்தில் நீதிபதியோடு நிலவுடைமையாளர் தரப்பிலிருந்தும் குத்தகைதாரர் தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் ஆட்கள் உட்காருவார்கள். குத்தகைதாரருக்குத் தெரிவிக்காமல் விற்றால் விற்பனையே செல்லாமல் போக வழியுண்டு.

ஆகவே வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்வி: 'கொடியைக் கவாத்து செய்யுறது யாரு? எந்த வருசத்திலிருந்து?' அதற்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளணும்.

4. உழவர் பக்கம் நிற்கும் நில அமைப்பு

குத்தகைதாரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போதும் நிலம் வெளியாள் கைக்கு உடனே போய்விடாது. அடுத்ததாக 'சஃபேர்' என்ற அமைப்புக்கு நொத்தேர் தகவல் சொல்லணும். 1960-ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டத்தின் மூலம் பிறந்தவை இந்த அமைப்புகள். லாபநோக்கு கிடையாது. வேளாண்மை, நிதி ஆகிய இரண்டு அமைச்சகங்களின் மேற்பார்வையில் இருக்கின்றன. நிர்வாகக் குழுவில் உழவர் சங்கங்களும் உள்ளாட்சிகளும் இடம்பெறுகின்றன. 1962-இல் இவற்றுக்கு முன்வாங்கும் உரிமை கிடைத்தது.

விவசாய நிலம் விற்பனைக்கு வருகிறது என்று தெரிந்த இரண்டு மாதத்துக்குள் சஃபேர் குறுக்கே வந்து, 'இதை நாங்களே வாங்கிக்கிறோம்' என்று சொல்லலாம். வாங்கி, இளம் உழவர் ஒருவருக்கோ, நிலம் போதாத சிறு உழவருக்கோ மறுபடி விற்கும். விலை அதிகம் என்று கண்டால் குறைத்தும் கேட்கலாம். அந்த விலைக்கு இஷ்டமில்லை என்றால் விற்பவர் நிலத்தை விற்காமல் வைத்துக்கொள்ளலாம், அல்லது நீதிமன்றத்தை விலை நிர்ணயிக்கச் சொல்லலாம். சஃபேரும் தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. எதற்காக வாங்குகிறது என்று காரணம் எழுதணும். பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம்.

நெருங்கிய உறவினருக்குள் நடக்கும் விற்பனைக்கு விலக்கு உண்டு. இயற்கை வேளாண்மையில் இருந்த நிலத்தை, அதே முறையைத் தொடரும் உழவருக்கு முதலில் கொடுக்கவும் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. நிலத்தை வாங்குவது வேறு, அதில் உழவு செய்வது வேறு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிலம் சேர்ப்பவரும், விவசாயப் படிப்போ அனுபவமோ இல்லாதவரும் உழவு செய்ய மாவட்ட ஆட்சியிடம் தனியாக அனுமதி வாங்கணும்.

5. வீட்டைத் தொட யாரிடம் கேட்கணும்?

பாரம்பரியப் பகுதியில் ஜன்னல் மாற்றுவது, ஓடு மாற்றுவது, சுவருக்கு வண்ணம் அடிப்பது என வெளித்தோற்றம் மாறும் எந்த வேலைக்கும் அனுமதி தேவை. அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞர் சம்மதிக்காமல் ஊராட்சித் தலைவர் அனுமதி கொடுக்க முடியாது. ஆகவே 'முன்னாடி செஞ்ச வேலைக்கெல்லாம் அனுமதி இருக்கா?' என்று பழைய கோப்புகளைக் கேட்டுப் பார்க்கணும். விற்றவர் திருட்டுத்தனமாக அறை கட்டியிருந்தால் அந்தத் தலைவலி வாங்கியவருக்குத்தான்.

விவசாய மண்டலம் என்று வரையறுத்த இடத்தில் உழவுக்குத் தேவையான கட்டடம் மட்டும்தான் எழுப்பலாம். பழைய திராட்சைக் கிடங்கை விடுதியாக மாற்றலாம் என்று கனவு கண்டு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஊரின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் அந்தக் கட்டடம் மாற்றத்துக்கு உரியது என்று குறிக்கப்பட்டிருக்கணும். விவசாய நிலப் பாதுகாப்புக்கான மாவட்டக் குழுவும் சம்மதிக்கணும். ஊராட்சியில் நகரமைப்புச் சான்று கேட்டு வாங்கினால், அதில் சொன்ன விதிகள் 18 மாதத்துக்கு வாங்குபவருக்கு எதிராக மாறாது. கையெழுத்துக்கு முன் அதை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

6. காலுக்கடியில் என்ன இருக்கு?

சாந்த்-எமிலியோனின் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் பல அடுக்காக ஓடுகின்றன. பல நூற்றாண்டாக அங்கே கல் வெட்டித்தான் ஊரையும் போர்டோ நகரத்தின் மாளிகைகளையும் கட்டினார்கள். மேலே கொடித்தோட்டம், கீழே வெற்றிடம். பொதுவாக மேல் நிலத்துக்காரருக்கே கீழ்ப்பகுதியும் சொந்தம். ஆனால் பழைய பத்திரம் ஒன்றில் அதைப் பிரித்து வேறொருவருக்கு எழுதியிருக்கலாம். சுரங்க வரைபடம் ஊராட்சியில் இருக்கிறதா, சரிவு அபாயம் உண்டா என்று கேட்கணும். வெள்ளம், மண்சரிவு போன்ற அபாயங்களைக் காட்டும் அறிக்கையை விற்பவர் கொடுத்தே ஆகணும்.

கரையான், ஈய வண்ணம், கல்நார், மின்சாரப் பழுது ஆகியவற்றுக்கான சோதனை அறிக்கைகளும் விற்பவர் பொறுப்பு. கழிவுநீர்த் தொட்டி விதிப்படி இல்லையென்றால், வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைச் சரிசெய்யணும்.

7. பெயரும் கொடியும்

2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குத் தெரியும். சாந்த்-எமிலியோன் ஒயினுக்கு 1936 முதலே அப்படிப்பட்ட பாதுகாப்பு இருக்கிறது. அங்கே எந்தெந்தத் துண்டு நிலம் அந்தப் பெயருக்கு உரியது என்று சர்வே எண் வாரியாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் பெயர் உண்டு, அந்தப் பக்கம் இல்லை என்று இருக்கும். விலையும் அதற்கேற்ப மலைக்கும் மடுவுக்குமாக மாறும்.

காலி நிலம் வாங்கி நினைத்தபடி கொடி நடவும் முடியாது. 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒயின் திராட்சை நட அனுமதி வாங்கணும். நாட்டின் மொத்தத் திராட்சைப் பரப்பு ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கு மேல் கூடக் கூடாது என்பது விதி. ஆகவே இருக்கிற கொடிகள் அரசின் திராட்சைப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா, இரகம் எது, எந்த ஆண்டு நட்டது என்று ஒவ்வொரு துண்டாகச் சரிபார்க்கணும். தோட்டத்தின் பெயர் நிலத்தோடு சேர்ந்து வருகிறதா என்பதையும் பத்திரத்தில் தெளிவாக எழுதிக்கணும்.

8. பக்கத்துத் தோட்டத்து மருந்து

பாரம்பரியம், அழகு என்று சொல்லும் அதே நிலத்தில் பூஞ்சணக்கொல்லி அடிக்கிற டிராக்டர் வருசத்துக்குப் பல தடவை ஓடுகிறது. 2014 மே மாதம் இதே மாவட்டத்தில், வில்நவ் என்ற ஊரில் பள்ளியை ஒட்டிய கொடித்தோட்டங்களில் மருந்து அடித்தபோது குழந்தைகளுக்கும் ஆசிரியைக்கும் உடம்புக்கு முடியாமல் போனது. நாடு முழுக்க விவாதம் எழுந்தது. 2019 இறுதியில் வந்த அரசாணைப்படி, குடியிருப்பை ஒட்டி மருந்து அடிக்காமல் விடவேண்டிய தூரம் திராட்சை போன்ற உயரப் பயிர்களுக்கு 10 மீட்டர், மற்ற பயிர்களுக்கு 5 மீட்டர், மிகக் கொடிய மருந்துகளுக்கு 20 மீட்டர். தெளிப்பான் வகையைப் பொறுத்து 10 மீட்டரைக் குறைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வீடு வாங்குபவர் பக்கத்துத் தோட்டம் எந்த முறையில் நடக்கிறது என்று நேரில் போய்க் கேட்பதே மேல்.

தோட்டமே வாங்கி இயற்கை முறைக்கு மாற்ற நினைப்பவர் மண்ணில் தாமிரம் எவ்வளவு என்று சோதிக்கணும். நூறு வருசத்துக்கு மேலாகப் போர்டோ கலவை தெளித்த மண்ணில் தாமிரம் மேல்மண்ணிலேயே தங்கிவிடும், மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் கேடு. ஐரோப்பாவில் இப்போது 7 ஆண்டில் ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. திராட்சைக்கு இயற்கைச் சான்று கிடைக்க மாறுகாலம் மூன்று ஆண்டு.

முன்பணத்துக்கு முன் ஒரு வார்த்தை

இத்தனையும் பார்ப்பதற்குள் நல்ல நிலம் கைநழுவிடுமே என்ற பயம் எல்லாருக்கும் வரும். அதற்குத்தான் முன்ஒப்பந்தம். 5 முதல் 10 விழுக்காடு முன்பணம் நொத்தேரின் கணக்கில் இருக்கும், விற்பவர் கைக்குப் போகாது. 'வங்கிக் கடன் கிடைக்காவிட்டால், குத்தகைதாரரோ சஃபேரோ வாங்கிக்கொண்டால் ஒப்பந்தம் ரத்து, பணம் திரும்ப வரணும்' என்று நிபந்தனை எழுதிக்கொள்வார்கள். குடியிருக்கும் வீடு என்றால் மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு. வெறும் தோட்டத்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

ஓட்டையும் உண்டு

எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத்தைக் கம்பெனி பேரில் வைத்து, நிலத்தை விற்காமல் கம்பெனியின் பங்குகளை விற்றால் சஃபேர் வாய்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. பெருமுதலாளிகள் இந்த வழியில்தான் நிறைய நிலம் சேர்த்தார்கள். 2021 டிசம்பரில் வந்த சட்டம் பங்கு விற்பனையையும் அனுமதிக்குக் கீழே கொண்டுவந்தது. ஆனால் மிகப் பெரிய பரப்புகளைத்தான் அது தொடுகிறது என்று அங்குள்ள உழவர் அமைப்புகள் குறை சொல்கின்றன. சட்டத்துக்காகக் காத்திருக்காமல் மக்களே பணம் போட்டு நிலத்தை வாங்கி, விற்பனைச் சந்தையிலிருந்து எடுத்து, இயற்கை உழவர்களுக்குக் குத்தகைக்கு விடும் 'தேர் து லியான்' என்ற இயக்கமும் 2003 முதல் நடக்கிறது.

நமக்கு என்ன இருக்கு?

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, உடன் வாரிசு ஒருவர் தன் பங்கை விற்கப் போனால் மற்ற முதல்நிலை வாரிசுகளுக்கு முதலில் வாங்கும் உரிமை கொடுக்கிறது. பலருக்கு இது தெரியாமலே பங்கு வெளியாள் கைக்குப் போய்விடுகிறது. குத்தகைதாரரைக் காக்க 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனால் பதிவு செய்திருப்பவர் எத்தனை பேர்? அங்கே வாய்வார்த்தைக் குத்தகைக்கே பாதுகாப்பு. இங்கே பேப்பர் இல்லாவிட்டால் பேச்சே எடுபடாது. அதனால் குத்தகைக்கு உழுகிற நண்பர்கள் வருவாய்த்துறையிடம் பதிவு செய்துகொள்வது பற்றி இந்தப் பருவம் முடிவதற்குள் விசாரியுங்கள். குத்தகை கொடுத்த ரசீது, துண்டுச்சீட்டு எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

நிலம் வாங்கப் போகிறவர்கள் பட்டா, வில்லங்கத்தோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை இப்போது உழுகிறவர் யார்? பக்கத்துக் காட்டில் என்ன மருந்து அடிக்கிறாங்க? இந்த ஓடை, பாதை, மேய்ச்சல் நிலம் ஊருக்குப் பொதுவா? இந்த மூன்றுக்கும் பதில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்காது. ஊருக்குள் போய், டீக்கடையிலும் களத்து மேட்டிலும் உட்கார்ந்து கேட்டால்தான் கிடைக்கும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புரோக்கரிடம் சொல்லும் முன், அந்த விலையை உங்கள் குத்தகைதாரரிடமும் பக்கத்துக் காட்டுக்காரரிடமும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நாம் கேட்கலாமே.